பத்துப் பேர் கண்ட துணிக்கை

தமிழ்த் தினப் போட்டி வந்துவிட்டால் விவாத அணியைப் பயிற்றும் பொறுப்பு தமிழாசிரியனின் தலையிலேயே விழும். சென்ற ஆண்டு எமக்குக் கிடைத்த தலைப்பு 'பலர் கண்டது பொய்யாகாது' என்பது. அதனை மறுத்துப் பேசும் பக்கம் எமது அணிக்கு. அணியில் மூவர் கலைப்பிரிவு மாணவர். அவர்கள் வழக்கம்போலக் கலிலியோவையும் சூரியன் பூமியைச் சுற்றுவதாக நம்பிய காலத்தையும் எடுத்துக்கொண்டனர். நான்காமவன் உயர்தரக் கணிதப் பிரிவைச் சேர்ந்தவன். அவன் எழுந்து, "சேர், அது பழங்கதை. பத்து ஆய்வுகூடம் கண்ட ஒரு சாமானைப் பிறகு இல்லையெண்டு சொன்னவை. எங்கட காலத்திலதான் நடந்தது" என்றான்.

நான் நம்பவில்லை. இலக்கியம் கற்ற என்போன்றோர் விஞ்ஞானத்தின்மீது கொண்டிருக்கும் நம்பிக்கை சற்றுக் குருட்டுத்தனமானது. எமது துறையிலே கட்சிகளும் பிணக்குகளும் உண்டு. பௌதிகவியலிலே தராசு இருக்கிறது, தராசுக்கு ஏது கட்சி என்று எண்ணிக்கொள்வோம். ஒருவர் பிழைவிடலாம், இருவர் பிழைவிடலாம். பல நாடுகளிலே வெவ்வேறு கருவிகளைக் கொண்டு பத்துக் குழுவினர் கண்டது எங்ஙனம் இல்லாதுபோகும்? "ஆதாரத்தோடு வா" என்று அவனை அனுப்பிவிட்டேன். அவன் வந்தான், ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தான். விடுமுறை முழுவதும் அக்கடதாசிகளோடு என்னை இருத்திவைத்தவர் எமது பௌதிகவியல் ரீச்சர். நான் இங்கு எழுதும் பௌதிகம் அவர் திருத்திய பௌதிகம். அந்த விடுமுறையில் நான் நினையாத ஒரு பழைய கணக்கும் என் முன்னே வந்து நின்றது. அதனை உரிய இடத்திலே கூறுகிறேன்.

அணுவின் கருவிலே உள்ள புரோத்தனும் நியூத்திரனும் மும்மூன்று குவாக்குகளாலானவை. இக்கருத்தை 1964இல் மறே ஜெல்மானும் ஜோர்ஜ் சுவைக்கும் தனித்தனியே முன்வைத்தனர். மூன்று குவாக்குகள் கூடின் ஒருவகைத் துணிக்கை. ஒரு குவாக்கும் ஓர் எதிர்க்குவாக்கும் கூடின் இன்னொரு வகை. அதுவரை அறியப்பட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட துணிக்கைகள் இவ்விரு குடும்பங்களுள் அடங்கின. ஆயினும் நான்கு குவாக்கும் ஓர் எதிர்க்குவாக்குமாக ஐந்து கூடலாகாது என்று எந்த விதியும் இல்லை. ஜெல்மான் தமது சிறிய கட்டுரையிலேயே அச்சேர்க்கையையும் குறிப்பிட்டிருந்தார். விதி தடுக்காத ஒன்றை இயற்கை ஏன் காட்டவில்லை என்பதே பிரச்சினை. 1960களிலும் 1970களிலும் தேடினார்கள். மங்கலான தடயங்கள் தோன்றின, மறைந்தன. தேடல் ஏறக்குறைய ஓய்ந்துபோயிற்று.

1997இல் டியாக்கொனோவ், பெற்றோவ், பொலியாக்கோவ் என்னும் மூன்று ருஷ்ய அறிஞர்கள் ஒரு கணிப்பை வெளியிட்டனர். இரண்டு மேற்குவாக்கு, இரண்டு கீழ்க்குவாக்கு, விந்தைக் குவாக்கு எனப்படும் வகையின் எதிர்க்குவாக்கு ஒன்று ஆகிய ஐந்தும் சேர்ந்த துணிக்கை ஒன்று இருக்கவேண்டும். அதன் திணிவு ஏறத்தாழ 1530 மெகா இலத்திரன் வோல்ற்றாக இருக்கும் என்றனர். (புரோத்தனின் திணிவு அதே அலகில் 938.) இத்தகைய துணிக்கை கைக்கு அகப்படின் அதன் குலத்தைப் பற்றிய ஐயத்துக்கே இடமில்லை. அதன் விந்தைக் குணத்தின் குறி மூன்று குவாக்குகளைக் கொண்டு எவ்வாற்றானும் பெற இயலாதது. அன்றியும் அது மிகக் குறுகிய மேடாகத் தெரியும் என்றும் கணிப்புக் கூறிற்று. மேடு என்றது யாதெனில், இத்துணிக்கைகளை எவரும் கண்ணாற் காண்பதில்லை. பிறந்த கணமே சிதைந்துவிடும். சிதைவில் வெளிப்படும் கேயோனையும் நியூத்திரனையும் அளந்து, தாயின் திணிவைக் கணக்கிட்டு, அவ்வாறு கிடைத்த எண்களை வரைபிலே அடுக்குவர். துணிக்கை இல்லையெனில் வரைபு சமவெளிபோலச் செல்லும். இருப்பின் அதன் திணிவுக்குரிய இடத்திலே ஒரு மேடு எழும்.

2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் நடந்த மாநாடொன்றில் டியாக்கொனோவ் தமது கணிப்பை ஒசாக்காப் பல்கலைக்கழகத்துத் தகாஷி நக்கானோவிடம் எடுத்துரைத்து, தேடிப் பார்க்குமாறு தூண்டினார். யப்பானின் ஸ்பிறிங்-8 என்னும் பெருங் கருவியிலே, விரைந்து செல்லும் இலத்திரன்களின்மீது இலேசர் ஒளியை எதிரே மோதவிட்டு வலுமிக்க ஒளித்துணிக்கைகளைப் பெறும் குழுவுக்கு நக்கானோ தலைவர். அவர்களிடம் வேறொரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவு இருந்தது. இலக்காக வைத்திருந்தது திரவ ஐதரசன். அதன் பின்னே நின்ற பிளாத்திக்கு உணர்கருவியிலே காபன் கருக்கள் இருந்தன. காபன் கருவிலே நியூத்திரன் இருந்தது. ஒளி அங்கும் பட்டிருந்தது. ஆகவே இலக்கின் பின்னால் தற்செயலாக நிகழ்ந்தவற்றை எடுத்துப் பரிசீலித்தனர். 1540இலே ஒரு மேடு தெரிந்தது. 2003 யூலையில் அச்சேறிற்று. துணிக்கைக்குத் தீற்றா என்று பெயர் வழங்கலாயிற்று.

எத்தனை நிகழ்ச்சிகளை வைத்து இதனைச் சொன்னார்கள் என்று கேட்டபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேட்டின் பரப்பிலே 36 நிகழ்ச்சிகள். துணிக்கையே இல்லாவிடினும் அங்கே 17 இருக்கும் என மதிப்பிட்டனர். எஞ்சியது 19. எனது பத்தாந் தர வகுப்பிலே இருக்கும் பிள்ளைகளின் தொகையை விட அது குறைவு.

"19 குறைவெண்டு சொல்லக்கூடாது, தம்பி. எதோட ஒப்பிட்டு எண்டதுதான் கேள்வி" என்றார் ரீச்சர். 17 எதிர்பார்க்கும் இடத்திலே இயல்பாக ஏற்படும் ஏற்றவிறக்கம் அதன் வர்க்கமூலம்; ஏறக்குறைய 4.1. 19ஐ அதனால் வகுத்தால் 4.6. வெறுந் தற்செயலால் இத்துணை பெரிய ஏற்றம் நேர்வது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு தடவை. ஐந்தைத் தாண்டினால் கண்டுபிடிப்பு என்பது அத்துறையின் வழக்கம், 4.6 அதற்கு அண்மையிலே நிற்கிறது. ஆனால் ரீச்சர் அங்கே நிற்கவில்லை. அதே 19ஐ, மொத்தமாகிய 36இன் வர்க்கமூலத்தால், அதாவது 6ஆல் வகுக்கச் சொன்னார். மூன்று சொச்சம் வந்தது. ஒன்று 'துணிக்கை இல்லையெனில் இது எவ்வளவு அரிது' என்ற கேள்விக்கு விடை; மற்றது 'எஞ்சிய 19 என்ற தொகை எவ்வளவு உறுதியானது' என்ற கேள்விக்கு விடை. இதற்கும் மேலாக, 17 என்பது எண்ணிப் பெற்றதன்று, மதிப்பிட்டது. மதிப்பீடு மூன்றோ நான்கோ பிசகினாலும் மேடு தணிந்துவிடும். எண் பேசுகிறது என்று நாம் கூறுகிறோம். எண்ணைப் பேசவைப்பது கேள்வி என்பதை ஐம்பது ரூபாக் கொப்பியொன்றின் கடைசிப் பக்கத்திலே நான் அன்று கற்றுக்கொண்டேன்.

பின் வந்தது வெள்ளம். மொஸ்கோவிலே பல ஆண்டுகளுக்கு முன் செனன் நிரப்பிய குமிழிக் கலத்திற் பிடித்த படங்களைத் தூசி தட்டிப் பார்த்த குழுவினர் 1539இலே மேடு கண்டனர். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து ஜெபர்சன் ஆய்வுகூடத்திலே கிளாஸ் குழுவினர், பார ஐதரசனில் ஒளியை மோதவிட்டு 1542இலே கண்டனர்; அவர்களது மதிப்பு 5.2. யேர்மனியின் பொன் நகரத்திலே சபீர் குழுவினர் கண்டனர். ஹம்பேர்க்கிலே ஹேமிஸ், சியூஸ் என்னும் இரு குழுவினர் கண்டனர். இன்னும் சிலரும் கண்டனர். ஓராண்டு சுற்றுமுன் சாட்சி பத்தாயிற்று. கொள்கைவாதிகள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்தனர். துணிக்கைகளின் பதிவேட்டைப் பேணும் சர்வதேசத் தரவுக் குழு 2004இல் தீற்றாவுக்கு மூன்று நட்சத்திரம் வழங்கிற்று. இருப்பு உறுதி என்னும் நான்குக்கு ஒருபடி கீழே.

என் மாணவனின் கதை இதுவரை ஆதரவு அணியின் கதையாகவே இருந்தது.

ஆனால் கண்டவர்கள் கண்டது ஒன்றையேதானா? ஒருவர் 1542 என்றார். இன்னொருவர் 1528 என்றார். சியூஸ் குழுவினர் 1522 என்றனர். ஒவ்வொருவரும் தத்தம் அளவை ஒருசில அலகுக்குள் சரியென்று உரிமை பாராட்டினர். அவ்வுரிமைகள் உண்மையாயின் இவை ஒரே துணிக்கையாக இருத்தல் அரிது. ஒரே துணிக்கையாயின் உரிமைகள் மிகையானவை. பத்துப் பேர் ஒரு மனிதனைக் கண்டதாகக் கூறி, ஒவ்வொருவரும் வெவ்வேறு உயரம் சொன்னால் விசாரிப்பவன் என்ன செய்வான்? பத்து என்ற தொகையிலே மயங்கி உயர வித்தியாசத்தை மறந்துவிடுதலே வழக்கம்.

காணாதவர்கள் இருந்தார்கள். பீக்கிங்கிலே, கலிபோர்னியாவிலே, சிக்காகோவுக்கு அண்மையிலே, ஹம்பேர்க்கிலேகூட. அவர்கள் கையில் இருந்த தரவு கண்டவர்களிடம் இருந்ததை விடப் பன்மடங்கு பெரியது. தீற்றாவுக்கு அண்டைத் திணிவுள்ள லம்டா 1520 என்னும் துணிக்கை அவர்களது வரைபுகளிலே ஆயிரக்கணக்கில் எழுந்து நின்றது. ஆகவே கருவியிலே குருடு இல்லை. ஆனால் தீற்றாவின் இடம் வெறுமை. ஹம்பேர்க்கின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே ஹேரா என்ற ஒரே வளையத்திலே சியூஸ், எச்-ஒன்று என்னும் இரு குழுவினர் ஒரே வகை மோதலை ஆராய்ந்து வந்தனர். 2004இல் எச்-ஒன்று குழுவினர் வேறொரு ஐங்குவாக்குத் துணிக்கையை 3099இலே கண்டோம் என்றனர். அதே வளையத்துச் சியூஸ் குழுவினர் தேடிப் பார்த்து, எம்மிடம் இல்லை என்றனர். ஒரே கிணற்றிலே அள்ளிய இரு குடங்கள். ஒன்றிலே மீன், மற்றதிலே வெறுந் தண்ணீர்.

ஈண்டு ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். காணாதவர்களுட் பலர் ஆராய்ந்தவை மிகப் பெரிய சத்தியில் நிகழும் மோதல்கள். கண்டவர்களுட் பலர் ஆராய்ந்தவை சிறிய சத்தியில் நிகழ்பவை. ஒருவகைச் சூழலில் உண்டாவது மற்றதில் உண்டாகவேண்டும் என்ற நியதி இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்ட வெளியிலே ஆண்டுக்கணக்காகத் தேடி, இலங்கையில் யானை இல்லை என்று அறிக்கை விட முடியுமா? கண்டவர்கள் இந்த வாதத்தைத்தான் எடுத்தனர். அது வெறுஞ் சாட்டன்று. ஆகவே 'காணாதவர் தொகை பெரிது, கண்டவர் தொகை சிறிது' என்று எண்ணி முடிவுகட்டவும் இயலாது. எந்தக் காட்டிலே கண்டதாகச் சொன்னார்களோ அந்தக் காட்டுக்கே மீண்டும் போகவேண்டும்.

பல்கலைக்கழகத்திலே ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்கக் கற்ற எனக்கு இது முற்றிலும் அந்நியமான பிரச்சினையன்று. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் காலந்தொட்டுப் பதிப்பாசிரியர் எவரும் அறிந்த சங்கதி ஒன்று உண்டு. பத்து ஏடுகள் ஒரே பாடத்தைக் காட்டினும், அவை ஒரு தாயேட்டைப் பார்த்து எழுதப்பட்டனவாயின் சாட்சி பத்தன்று; ஒன்று. ஏடு எழுதுவோன் ஐயுற்ற இடத்திலே தான் முன்பே அறிந்த சொல்லை எழுதிவிடுவதும் உண்டு. அவன் கள்ளனல்லன், நல்லெண்ணத்தோடேயே எழுதுகிறான். 1540 என்ற எண்ணும் 2003க்குப் பின் அவ்வாறு எல்லோரும் அறிந்த சொல்லாயிற்று. எங்கே பார்க்கவேண்டும் என்பது தெரிந்துவிட்டது. தரவிலிருந்து பயனற்றவற்றைக் கழிக்கும்போது எந்தக் கோட்டோடு கழிப்பது என்பதை ஆய்வாளனே தீர்மானிக்கிறான். இப்படிக் கழித்தால் மேடு தணிகிறது, அப்படிக் கழித்தால் உயர்கிறது. உயரும் வழிக்குக் காரணம் ஒன்று எப்போதும் அகப்படும். மேடு தெரியும்வரை கழித்துவிட்டு, தெரிந்ததும் நிறுத்துகின்ற கை பொய் சொல்வதில்லை, எதிர்பார்க்கிறது, அவ்வளவே. இதனைத் தடுக்கவே, விடை இருக்கும் பகுதியை மறைத்து வைத்துக்கொண்டு விதிகளை முன்னரே எழுதி முடிக்கும் முறை சில ஆய்வுகூடங்களிலே கையாளப்படுகிறது. எங்கள் பரீட்சைத் தாள்களிலே பெயருக்குப் பதில் சுட்டெண் எழுதுவிக்கிறோம் அல்லவா, அதுபோல.

அந்தப் பழைய கணக்கு என் முன்னே வந்தது இந்த இடத்திலேதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். பத்தாந் தர மாணவர் கல்விச் சுற்றுலாவுக்கெனச் சேர்த்த 18,500 ரூபா வகுப்பாசிரியரின் மேசை லாச்சியிலிருந்து காணாமற்போயிற்று. வன்னியிலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படித்த ஒரு மாணவன்மீது சந்தேகம். ஏன் அவன்மீது என்று எவரும் கேட்கவில்லை. சுற்றுலாவுக்குப் பணம் கட்டாத ஒரே பிள்ளை அவன் என்பது போதுமாயிருந்தது. விசாரணைக் குழுவிலே நாங்கள் மூவர். மாணவரை ஒரு மண்டபத்தில் இருத்தி, "இடைவேளைக்கு அவன் வகுப்புக்குள்ள நிண்டதைக் கண்ட ஆக்கள் மட்டும் எழுதித் தாங்கோ" என்று கேட்கப்பட்டது. ஏழு பேர் எழுதினர். முப்பத்தொரு பேர் வெறுங்கையோடு எழுந்து போயினர். அவர்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது, என் தமிழ் நன்றாயிருக்கும் என்பதனால். 'ஏழு மாணவர்கள் ஒருவரையொருவர் சாராது உறுதிப்படுத்தியுள்ளனர்' என்று எழுதினேன். அந்த 'ஒருவரையொருவர் சாராது' என்ற தொடரை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாக்கியம் நிறைவாக அமையவேண்டும் என்பதற்காக நானே சேர்த்தேன். பையன் விடுகைப் பத்திரத்தோடு போனான்.

இரண்டு ஆண்டுகளின் பின் அந்த எழுவருள் ஒருவனைப் பேருந்து நிலையத்திற் சந்தித்தேன். பேச்சோடு பேச்சாக, "நான் காணேல்ல சேர். அவன் அங்க நிண்டவன் எண்டு எல்லாரும் கதைச்சவை. நிண்டிருப்பான்தானே எண்டு எழுதினனான்" என்றான். அவன் முகத்திலே கள்ளம் இல்லை. ஏழு சாட்சி என்பது எத்தனை சாட்சி என்ற கேள்வியை அன்றைக்கே நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. மறந்துவிட முயன்று ஓரளவு வெற்றியும் பெற்றிருந்தேன், தீற்றாவின் கடதாசிகள் வரும்வரை.

இப்போது அந்தக் காட்டுக்கு மீண்டு போனவர்களின் கதை. கிளாஸ் குழுவினர் 2003இல் கண்டவர்கள். உலகப் பத்திரிகைகளிலே பெயர் அடிபட்டவர்கள். அவர்களே முதலிற் சபீர் குழுவினர் கண்ட அதே வினையை, மிகப் பெருந் தரவோடு மீண்டும் செய்தனர். சபீர் கூறிய அளவுக்குத் தீற்றா பிறப்பது உண்மையாயின் வரைபிலே பெருங் குன்று எழுந்திருக்கவேண்டும். எதுவும் எழவில்லை, 2005 ஏப்பிரலில் அறிவித்தனர். அடுத்துத் தமது சொந்த 2003ஆம் ஆண்டுப் பரிசோதனையை எடுத்துக்கொண்டனர். அதே பார ஐதரசன், அதே வினை. முன்னையதிலும் 30 மடங்குக்கு மேற்பட்ட மோதல்கள். மேடு கரைந்துபோயிற்று. புதிய தரவு காட்டிய பின்னணியை வைத்துப் பழைய மேட்டை மீண்டும் அளந்தபோது 5.2 என்றது ஏறத்தாழ 3 ஆயிற்று. 2003இல் 'கண்டோம்' என்று எழுதிய அதே சஞ்சிகையிலே 2006இல் 'இல்லை' என்று எழுதினர். 2008இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, பழைய தரவையே வேறொரு நிகழ்தகவு முறையால் நிறுத்துப் பார்த்தனர். அது 'மேடு இல்லை' என்னும் பக்கத்துக்கே மயிரிழையளவு சாய்ந்தது. ஒரே எண்கள்தான். முன்பு 'துணிக்கை இல்லையெனில் இது எவ்வளவு அரிது' என்று கேட்டார்கள். இப்போது 'உண்டு, இல்லை என்னும் இரண்டில் எது இத்தரவை நன்றாக விளக்குகிறது' என்று கேட்டார்கள்.

சுயவிமர்சனம் என்ற சொல்லை எமது கூட்டங்களிலே நாம் தாராளமாக வழங்குகிறோம். பெரும்பாலும் பிறரைப் பார்த்தே வழங்குகிறோம். மக்கள் வரிப்பணத்திலே நடக்கும் ஓர் ஆய்வுகூடத்திலே, ஆர்முடுக்கியின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பலர் காத்திருக்கும் நிலையிலே, தமது புகழை அழிக்கக்கூடிய பரிசோதனைக்கு நேரம் கேட்டுப் பெற்றார்களே, அதனைத்தான் நான் அச்சொல்லின் பொருளாகக் கொள்கிறேன். இதனை அவர்களுடைய தனிப்பட்ட நற்குணம் என்று மட்டும் எழுதிவிட மனம் ஒப்பவில்லை. போட்டி ஆய்வுகூடங்கள் இருந்தன. பிறருக்கும் தரவு கிடைத்தது. மறைத்தால் நாளை இன்னொருவர் வெளியிடுவார். உண்மையைச் சொல்லவைக்கும் அமைப்பு ஒன்று, குறைகளோடாயினும், இருந்தது. அந்த அமைப்பிலும் அநீதி உண்டு. மேடு கண்டவனுக்குப் பத்திரிகையிலே படம். வெறுமை கண்டவனுக்கு ஒரு பந்தி. அதனால் வெறுமை கண்டவர்கள் தாமதித்தே எழுதினார்கள், கண்டவர்கள் விரைந்து எழுதினார்கள். முதல் ஆண்டில் பத்துக்குப் பூச்சியமாகத் தெரிந்த கணக்கிலே இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

தரவுக் குழுவின் மூன்று நட்சத்திரம் 2006இல் ஒன்றாயிற்று. 2008இல் அக்குழுவினர் இக்கண்டுபிடிப்பையும் அது கரைந்துபோன விதத்தையும் விஞ்ஞான வரலாற்றின் ஒரு விநோதச் சம்பவம் என்று குறித்து முடித்தனர்.

நக்கானோ முடிக்கவில்லை. 2009இல் பார ஐதரசனிலே புதிய தரவு திரட்டி, 1524இலே 5.1 மதிப்புள்ள மேடு தெரிகிறது என்று அவர் குழு எழுதிற்று. இதனை வாசித்தபோது என் மாணவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. எல்லோரும் கைவிட்ட பின்னும் தன் வரைபைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் மனிதனை எள்ளுவது எளிது. அவர் மறைத்ததொன்றுமில்லை, தாம் கண்டதைக் கண்டபடி சொன்னார். ஆயினும் வேறெங்கும் அது நிலைபெறவில்லை. என் தீர்ப்பைக் கேட்டால், தீற்றா இல்லை என்ற பக்கமே நிற்பேன். கண்ட இடத்துக்கே பெருந் தரவோடு போனவர்கள் காணவில்லை என்பது, காணாதவர் தொகை முழுவதையும் விட எனக்குக் கனமாகத் தெரிகிறது.

"அப்ப அஞ்சு குவாக்கே சேராதெண்டு முடிவா, சேர்?" என்று கலைப்பிரிவுப் பிள்ளையொருத்தி கேட்டாள். அங்கேதான் கதை இன்னொரு முறை திரும்புகிறது. 2015 யூலை 14ஆந் திகதி, சேர்ன் ஆய்வுகூடத்திலே எல்.எச்.சி.பி. என்னும் குழுவினர் ஐங்குவாக்குத் துணிக்கைகள் இரண்டை அறிவித்தனர். இவை தீற்றாவல்ல, திணிவு 4380, 4450. உள்ளே மயல் குவாக்கு என்னும் கனத்த வகையின் சோடி ஒன்று உண்டு. அவர்கள் இதனைத் தேடிப் புறப்பட்டவர்களல்லர்; வேறொரு துணிக்கையின் சிதைவை ஆராயும்போது எதிர்ப்பட்டது. ஏறத்தாழ 26,000 சிதைவுகள். வரைபிலே மேட்டைக் கண்டவுடன் அறிவிக்கவுமில்லை. சிதைவின் கோணங்களையும் திணிவுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, அறியப்பட்ட துணிக்கைகளை மட்டும் வைத்து அம்மேட்டை எழுப்ப முடியுமா என்று தம்மோடு தாமே வாதாடி, முடியாது என்று கண்ட பின்னரே பேசினர். மதிப்புகள் 9, 12. நக்கானோவின் 4.6ஐ எண்ணிப் பாருங்கள்.

அதுவும் அப்படியே நிற்கவில்லை. 2019இல் ஒன்பது மடங்கு தரவோடு பார்த்தபோது, 4450 என்றது அடுத்தடுத்து நிற்கும் இரு மேடுகள் என்று தெரிந்தது, 4440, 4457. அதுவரை கண்ணிற் படாத மூன்றாவது மேடு 4312இலே எழுந்தது. 2015இல் அறிவித்த அகன்ற 4380ஐப் புதிய ஆய்வு உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஐந்து குவாக்குகளும் ஒரே முடிச்சாக இருக்கின்றனவா, அல்லது இரு சிறு துணிக்கைகள் கைகோத்து நிற்கின்றனவா என்பதிலே இன்னும் பிணக்கு இருக்கிறது.

தீற்றாவைக் கண்டவர்கள் 'ஐந்து சேரும்' என்று நம்பியது சரி. அவர்கள் காட்டிய சான்று சரியன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பிடிக்க எனக்கு நெடுநாள் வேண்டியிருந்தது. அந்த வன்னிப் பையன் பணத்தை எடுத்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எடுத்திருக்கலாம், எடாமலும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது, நான் எழுதிய வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டுமே.

விவாதத்திலே எமது அணி தோற்றது. நடுவர்கள் மூவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். கணிதப் பிரிவு மாணவன் பேருந்திலே வரும்போது, "மூண்டு பேரும் ஒரு தாளைப் பாத்துத்தான் புள்ளி போட்டவை சேர்" என்று முறையிட்டான். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

சென்ற தை மாதம் அப்பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதினேன். விசாரணை அறிக்கையிலே 'ஒருவரையொருவர் சாராது' என்று நான் எழுதியது உண்மையன்று என்றும், இக்கடிதத்தை அதே கோவையிலே, அதே அறிக்கையின் கீழே இணைக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தேன். பிரதியொன்றை அவன் தந்தைக்கும் அனுப்பினேன். கோவை மூடப்பட்டுவிட்டது என்று பாடசாலையிலிருந்து இரண்டு வரியிற் பதில் வந்தது. தந்தையிடமிருந்து பதில் இல்லை. முப்பத்தொரு பேருள் பதினான்கு பேருடைய முகவரிகளை இதுவரை தேடிப் பிடித்திருக்கிறேன். அவர்களுக்கு எழுதும் கடிதத்திலே அவன் பெயர் இல்லை. 'அன்றைய இடைவேளையில் நீர் எங்கே நின்றீர், யாரைக் கண்டீர்' என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.